3ஜிபி முதல் வீடியோ கால் வரை: பாலாற்றங்கரைக்குப் படம் வந்த கதை



ஆம்பூர்னு சொன்ன உடனே பிரியாணி பத்தித்தான் பதிவுன்னு நினைச்சு ஓடி வந்திருப்பீங்க. மன்னிக்கணும், இந்தப் பதிவுல பிரியாணி கிடையாது. தோல் இருக்கு, ஷூ இருக்கு, நிறைய செல்போன் இருக்கு :-)

செல்போன்ல வீடியோ வந்த வரலாற்றை யார் எழுதினாலும் அறிமுக விழாத் தேதிகளை வச்சுத்தான் எழுதறாங்க. 2008 டிசம்பர்ல தில்லியில எம்டிஎன்எல் 3ஜி, 2009 பிப்ரவரியில சென்னையில பிஎஸ்என்எல் 3ஜி, 2010ல ஏலம், 2016 செப்டம்பர் 5ல ஜியோ. தேதியெல்லாம் சரிதான். ஆனா வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாற்றை ஒட்டி இருக்கிற எங்க தோல் ஊர்களுக்கு இந்தத் தேதி எதுவும் பொருந்தாது. இங்க படம் முதல்ல டவர் வழியா வரல, கடை வழியா வந்துச்சு. அந்தக் கதையையும், டவர் வழியா வர ஏன் அவ்வளவு வருஷம் ஆச்சுங்கறதையும் எழுதி வைக்கலாம்னு ஆசை. கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

3ஜிபின்னா 3 ஜிகாபைட் இல்லீங்க

இப்போ இருக்கிற பசங்ககிட்ட 3ஜிபின்னு சொன்னா டேட்டா பேக்குன்னு நினைக்கறாங்க. அது ஒரு கோப்பு வகை. 3ஜி போன்களுக்காக உலக அளவுல கூடி முடிவு பண்ணின வீடியோ வடிவம். கொடுமை என்னன்னா, நம்ம ஊர்ல 3ஜி வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே 3ஜிபி வந்துடுச்சு!

அதுக்குள்ள என்ன இருந்துச்சு? பெரும்பாலும் எச்.263ங்கற சுருக்கும் முறை. 1996ல வந்தது, வீடியோ மாநாட்டுக்காகச் செஞ்சது. படத்தோட அளவு 176க்கு 144 புள்ளி. நிமிஷத்துல பத்து தடவை ரிப்பேராகற டிவி மாதிரி, நொடிக்குப் பத்துப் பதினஞ்சு பிரேம்தான் ஓடும். ஒலிக்கு ஏஎம்ஆர். இந்த ஏஎம்ஆர் மனுஷன் போன்ல பேசற பேச்சுக்காகவே உண்டாக்கினது. பேச்சுக்குத் தேவையில்லாத சத்தத்தையெல்லாம் தூக்கிப் போட்டுடும். அதுல ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டை ஏத்தினா எப்படி இருக்கும்? தகர டப்பாக்குள்ள உட்கார்ந்து கேட்ட மாதிரி. ஆனா அன்னைக்கு யாரும் குறை சொல்லல. கையடக்கத்துல படம் ஓடுதே, அது போதாதா!

2003ல வந்த நோக்கியா 6600 ஞாபகம் இருக்கா? 176க்கு 208 புள்ளித் திரை. ஊர்ல ஒருத்தர் கையில அது இருந்தா, பத்துப் பேர் சுத்தி நின்னு எட்டிப் பார்ப்பாங்க.

டவர் வழியா ஏன் வரல? ஒரு சின்னக் கணக்கு

அப்போ இருந்தது ஜிபிஆர்எஸ். புத்தகத்துல நொடிக்கு 171 கிலோபிட்டுன்னு போட்டிருக்கும். கைக்கு வந்தது 30, 40. நொடிக்கு 100 கிலோபிட் கணக்குல செஞ்ச ஒரு அஞ்சு நிமிஷப் பாட்டை எடுத்துக்குங்க. மொத்தம் 30,000 கிலோபிட், அதாவது சுமார் 3.75 எம்பி. 32 கிலோபிட் வேகத்துல இறக்கினா கிட்டத்தட்ட 16 நிமிஷம். நடுவுல அறுந்து போகாம இருந்தா!

காசு? அப்போ பல திட்டங்கள்ல 10 கேபிக்கு 10 பைசா. 3.75 எம்பிக்கு 37 ரூபா 50 பைசா. ஒரு பாட்டுக்கு! அன்னைக்கு அந்தக் காசுல தியேட்டருக்குப் போய் முழுப் படமும் பார்த்துட்டு, இடைவேளையில முறுக்கும் தின்னுட்டு வரலாம்.

இன்னொரு விஷயம் எங்க பக்கத்துக்கே உரியது. பேரணாம்பட்டுலேர்ந்து ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். நாட்றம்பள்ளி பக்கமும் அப்படித்தான். மலைச்சரிவுல நிக்கற போன், நம்ம டவர் மங்கலா இருந்தா ஆந்திரா டவரைப் பிடிச்சுக்கும். உடனே ரோமிங். பாட்டுக்கு ஆசைப்பட்டு பேலன்ஸ் காலியானவங்க எத்தனையோ பேர்.

ஏத்துற கடை

இந்த இடத்துலதான் நம்ம கதாநாயகன் வர்றார். பஸ் ஸ்டாண்டு பக்கம், ஷூ கம்பெனி போற ரோட்டோரம், ரீசார்ஜ் கூப்பன் விக்கற பெட்டிக்கடை. உள்ள ஒரு கம்ப்யூட்டர், ஒரு கார்டு ரீடர். "மெமரி கார்டுல பாட்டு ஏத்தித் தரப்படும்"னு சுவத்துல ஒரு தாள். அவ்வளவுதான் முதலீடு.

மாசச் சம்பளம் வந்த வாரம் கூட்டம் தாங்காது. தமிழ்ப் பாட்டு, இந்திப் பாட்டு, வடிவேலு காமெடி, எல்லைப்பக்கத்து ஊர்களுக்குத் தெலுங்கு, வாணியம்பாடி ஆம்பூர்க்காரங்களுக்கு உருது கவாலி. கடைக்கார அண்ணன் போனை வாங்கிப் பார்த்தே சொல்லிடுவார்: "இந்த செட்டுல எம்பி4 ஓடாதும்மா, 3ஜிபியா மாத்தித் தர்றேன், நாளைக்கு வா." என்ஜினியரிங் படிச்சவங்க 'டிரான்ஸ்கோடிங்'னு சொல்றதை அவர் செஞ்சுக்கிட்டிருந்தார். எந்த போனுக்கு எந்த அளவு, எந்த வடிவம்னு ஒரு பட்டியலே அவர் தலைக்குள்ள இருந்துச்சு. கம்பெனிகள் பின்னாடி பெரிய சர்வர் வச்சுச் செஞ்ச வேலை அது.

வேகத்தையும் பார்த்துடுவோம். 2 ஜிபி கார்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஒருத்தர் சைக்கிள்ல பத்து நிமிஷத்துல வீட்டுக்குப் போறார். 16,000 மெகாபிட், 600 நொடி. நொடிக்கு 26 மெகாபிட்டுக்கு மேல! ஜிபிஆர்எஸ்ஸை விட ஐந்நூறு மடங்குக்கும் அதிகம். வீட்டுக்குப் போனதும் அங்கேர்ந்து புளூடூத்ல தம்பிக்கு, மச்சானுக்கு, ஷிப்டுல பக்கத்து மெஷின் தோழிக்கு. அந்த விநியோக வலைக்கு ஸ்பெக்ட்ரம் தேவையில்ல, ஏலம் தேவையில்ல.

திருட்டு வீடியோதானேன்னு கேப்பீங்க. ஆமா, பெரும்பாலும் காப்புரிமை மீறின சரக்குதான், அதை நியாயப்படுத்த வரல. ஆனா செல்போன் வீடியோவுக்கு இங்க ஒரு ரசிகர் கூட்டத்தை உண்டாக்கினது அந்தப் பெட்டிக்கடைதான். வரலாறு எழுதறவங்க அதை விட்டுட்டா கதை பாதிதான்.

இதுல ஒரு வேடிக்கை. அந்த போன்கள்ல நிறைய நம்ம ரோட்டுலயே பொறந்ததா இருக்கலாம். சென்னை - பெங்களூர் சாலையில ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை 2006லேர்ந்து 2014 வரைக்கும் ஓடிச்சு. போன் பக்கத்துலயே தயாராச்சு, அதுக்குள்ள ஓட வேண்டிய படம்தான் வர வழியில்லாம நின்னுச்சு.

எல்லாருக்கும் ஒரே தடவை: வராம போன ஒரு வழி

டவர் வழியா வீடியோ அனுப்பறதுல அடிப்படைச் சிக்கல் ஒண்ணு இருக்கு. டிவி ஒளிபரப்புல ஆயிரம் பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் அலை ஒண்ணுதான். செல்போன்ல அப்படியில்ல. ஒரே டவருக்குக் கீழ நூறு பேர் ஒரே மேட்ச்சைப் பார்த்தாலும், நூறு தனித்தனி பிரதி போகணும். கோயில்ல மைக் வச்சுப் பேசறதுக்கும், ஒவ்வொருத்தர் காதுலயும் போய்த் தனியா சொல்றதுக்கும் உள்ள வித்தியாசம்.

இதுக்கு மாற்றா டிவிபி-எச்னு ஒரு முறை வந்துச்சு. போனுக்குன்னே தனியா டிவி அலை. நோக்கியா என்92, என்77 மாதிரி போன்ல அதைப் பிடிக்கற வசதி இருந்துச்சு. 2007ல தூர்தர்ஷன் தில்லியில சோதனை ஒளிபரப்பும் பண்ணாங்க. ஆனா தனி போன் வேணும், தனி டிரான்ஸ்மிட்டர் வேணும், யார் காசு போடறதுன்னு தெரியல. உலகம் முழுக்கவே அது படுத்துடுச்சு. வேலூர்ப் பக்கம் அதோட வாசனை கூட அடிக்கல. ஆனா இந்த "எல்லாருக்கும் ஒரே தடவை" விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

3ஜி வந்துச்சு, தகரக் கூரை தடுத்துச்சு

2010 ஏப்ரல் 9ல ஆரம்பிச்ச 3ஜி ஏலம் 34 நாள், 183 சுற்று நடந்துச்சு. அரசுக்கு வந்தது 67,000 கோடி ரூபாய்க்கு மேல. தமிழ்நாட்டுல ஏர்டெல், வோடபோன், ஏர்செல் மூணு பேரும் ஆளுக்கு 1,464 கோடிக்கு மேல கொடுத்து எடுத்தாங்க. எடுத்தது என்ன? போக 5, வர 5 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவு காசு கொடுத்துட்டு யாராவது சும்மா தருவாங்களா? டேட்டா விலை உசரமாத்தான் இருந்துச்சு.

அலைவரிசையிலயும் ஒரு சங்கடம். பழைய 2ஜி பெரும்பாலும் 900, 1800 மெகாஹெர்ட்ஸ். 3ஜிக்குக் கொடுத்தது 2100. அதிர்வெண் ஏற ஏற, அலை தூரமாப் போறதும் சுவரைத் தாண்டறதும் குறையும். எங்க ஊர் அமைப்பைப் பாருங்க: ஒரு பக்கம் ஜவ்வாது, ஏலகிரி, இன்னொரு பக்கம் ஆந்திர எல்லை மலைகள், நடுவுல பள்ளத்தாக்கு. ஷூ கம்பெனிகளோ நீள நீளமான ஷெட்டு, மேல உலோகத் தகடு. உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அடிச்சுடும். வாசல்ல மூணு கோடு சிக்னல், உள்ள போனா ஒண்ணுமில்ல. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் காம்பவுண்டு ஓரமா வந்து நிப்பாங்க. அத்தனை பேரும் ஒரே நேரத்துல ஒரே டவர்ல தொங்கினா, அந்தக் குறுகின பாதையில என்ன ஓடும்? வட்டம் சுத்தும், அதுதான் ஓடும்.

ரயில்ல போறவங்க கதை வேற. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டைன்னு போற வழியில போன் டவர் விட்டு டவர் தாவிக்கிட்டே இருக்கணும். பேசறப்போ ஒரு நொடி வெட்டினா "என்ன சொன்னே?"ன்னு கேட்டுக்கலாம். படம் அப்படிக் கேட்டுக்காது, நின்னுடும்.

ரெண்டு பேருக்கு ஒரு சல்யூட்

இந்தச் சிக்கல்களைத் தீர்த்ததுல தமிழ்நாட்டுத் தொடர்புள்ள ரெண்டு பேரைச் சொல்லாம விட முடியாது.

ஒருத்தர் பொள்ளாச்சியில பொறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில சோனார் கருவி உருவாக்கினவர், அப்புறம் ஸ்டான்போர்டு பேராசிரியர். மலையிலயும் கட்டடத்துலயும் பட்டு அலை பல வழியா வந்து சேர்றது அதுவரைக்கும் ஒரு தொல்லை. அந்தப் பல வழிகளையே பல பாதைகளாப் பயன்படுத்தி, பல ஆன்டெனா வச்சு ஒரே அலைவரிசையில கூடுதல் தகவல் அனுப்பலாம்னு காட்டினார். 1992ல தாமஸ் கைலாத்தோட சேர்ந்து விண்ணப்பிச்ச காப்புரிமை 1994ல கிடைச்சுது. அதுதான் மைமோ. இன்னைக்கு 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாத்துலயும் இருக்கு. 2014ல மார்க்கோனி பரிசு வாங்கினார்.

இன்னொருத்தர் சென்னை ஐஐடியில 1993ல படிச்சு முடிச்ச ஹரி பாலகிருஷ்ணன். இணையத்தோட டிசிபி விதிக்கு ஒரு பழக்கம்: ஒரு பொட்டலம் தொலைஞ்சா "ஓ, ரோட்டுல நெரிசல் போல"ன்னு நினைச்சு வேகத்தைக் குறைச்சுடும். கம்பியில அது சரி. கம்பியில்லாத இடத்துல பொட்டலம் தொலையறதுக்கு நெரிசல்தான் காரணம்னு இல்ல, ஒரு லாரி குறுக்க வந்தாலே போதும். அப்போ வேகத்தைக் குறைக்கறது முட்டாள்தனம். 1995ல அவரும் பெர்க்லி நண்பர்களும் 'ஸ்னூப்'னு ஒரு வழி சொன்னாங்க. டவர் பக்கத்துலயே ஒரு நகலை வச்சுக்கிட்டு, தொலைஞ்சதை அங்கேர்ந்தே திரும்ப அனுப்பிடறது. அனுப்பினவருக்கு விஷயமே தெரியாது!

தோலை கிரேடு பிரிக்கிற மாதிரி

அடுத்த பெரிய மாற்றம் வீடியோவைத் துண்டு போட்டது. 2009ல ஆப்பிள் கொண்டு வந்த எச்எல்எஸ், 2012ல பொதுத் தரமா வந்த டேஷ், ரெண்டுக்கும் யோசனை ஒண்ணுதான். ஒரு படத்தை சில நொடித் துண்டுகளா வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நாலஞ்சு தரத்துல தயார் பண்ணி வச்சுக்கணும். டேனரியில தோலை முதல் கிரேடு, ரெண்டாம் கிரேடுன்னு அடுக்கி வைக்கிற மாதிரின்னு வச்சுக்குங்களேன். சிக்னல் நல்லா இருக்கும்போது போன் உசந்த கிரேடு துண்டைக் கேக்கும், மங்கினா அடுத்த துண்டை மட்டமான கிரேடுல கேட்டு வாங்கிக்கும். படம் மங்கும், ஆனா நிக்காது. நிக்கறதை விட மங்கறது மேல்னு யாரோ புண்ணியவான் புரிஞ்சுக்கிட்டார்.

பெட்டிக்கடை அண்ணன் தலைக்குள்ள வச்சிருந்த பட்டியல்தான் இப்போ சர்வருக்குள்ள போயிடுச்சு. யூடியூபும் 2014 டிசம்பர்ல இந்தியாவுல வீடியோவை போன்லயே சேமிச்சுப் பின்னாடி பார்க்கற வசதியைக் கொடுத்துச்சு. அதாவது மெமரி கார்டு வழியை அவங்களே ஏத்துக்கிட்டாங்க!

படம் முகமா மாறின வருஷம்

மிச்சம் இருந்தது விலை. டிராய் கணக்குப்படி 2014ல 1 ஜிபி டேட்டாவுக்கு சராசரியா 269 ரூபாய், 2018ல 12 ரூபாய்க்கும் கீழ. நடுவுல நடந்தது என்னன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் போட்டியில தமிழ்நாட்டுச் செல்லப்பிள்ளையா இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில விழுந்துச்சு. நம்பரை மாத்தறதுக்கு ஜனங்க கடைக்கடையா அலைஞ்சது மறக்க முடியாது.

எங்க ஊர்கள்ல இதோட உண்மையான பலன் சினிமாப் பாட்டு இல்ல, முகம். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடியிலேர்ந்து வளைகுடா போனவங்க எத்தனை பேர்! வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பின ஊர்கள் வேற. இவங்களுக்கெல்லாம் வீடியோங்கறது பொழுதுபோக்கு கிடையாது.

வீடியோ கால் தொழில்நுட்பத்துல இன்னும் கஷ்டமான விஷயம். சினிமா பார்க்கறப்போ போன் முன்கூட்டியே முப்பது நொடி இறக்கி வச்சுக்கலாம். பேசிக்கிட்டிருக்கிற மனுஷனை முன்கூட்டியே இறக்க முடியுமா? ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் போக 150 மில்லிநொடிக்கு மேல ஆனா பேச்சு இடிக்க ஆரம்பிச்சுடும். அதனால இந்த ஆப்புகள் நெருக்கடி வந்தா முதல்ல படத்தை விட்டுட்டுப் பேச்சைக் காப்பாத்தும். எங்க தெருவுல ஒரு அக்கா, வீட்டுக்காரர் துபாய்ல. மொட்டை மாடியில நின்னு கைக்குழந்தையைக் காட்டிக்கிட்டே சொல்லுவாங்க, "குரல் வருதுங்க, ஆனா உங்க முகம் அப்படியே நிக்குது." வாட்சப்ல 2016 நவம்பர்லயே வீடியோ கால் வந்துடுச்சு, ஆனா அமீரகத்துல அதுக்குத் தடை. மெதுவான நெட்டுலயும் ஓடற ஐஎம்ஓ மாதிரி ஆப்புகளை எங்க ஊர் அம்மாக்கள், பாட்டிகள் கூட அத்துப்படியா வச்சிருந்தது அதனாலதான்.

தோல் வீடியோவுல தெரியாது

இனி நம்ம தொழிலுக்கு வருவோம். வெளிநாட்டு வாங்குபவர் வர முடியாத கொரோனா காலத்துல, "வீடியோவுலயே சரக்கைக் காட்டுங்க"ன்னு பேச்சு வந்துச்சு. காட்டலாம். ஷூவோட வடிவம் தெரியும், தையல் ஓரளவு தெரியும். தோல்?

வீடியோவைச் சுருக்கறப்போ எதைத் தூக்கிப் போடறாங்கன்னு பாருங்க. முதல்ல நிறம்: வெளிச்சத்தோட விவரத்தை முழுசா வச்சுக்கிட்டு, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒண்ணுன்னு குறைச்சுடறாங்க. மனுஷக் கண்ணு நிறத்தை அவ்வளவு நுணுக்கமாப் பார்க்காதுங்கற தைரியம். அடுத்தது பொடிப்பொடியான இழை விவரம், அதுவும் முதல் களபலி. தோல்காரர் பார்க்கறதே இந்த ரெண்டைத்தானே! ஷேடு, கிரெயின். பழுப்புலயே பத்து வகை பிரிச்சுச் சொல்ற கண்ணுக்கு முன்னாடி, "கண்ணுக்குத் தெரியாது"ன்னு தூக்கிப் போட்ட மிச்சத்தைக் காட்டினா என்ன ஆகும்? போதாததுக்கு ஒவ்வொரு போன் திரையும் ஒவ்வொரு நிறம் காட்டும். தோலை உள்பக்கமா மடிச்சு, சுருக்கம் எப்படி விழுதுன்னு விரலால பார்த்தாத்தான் லூஸ் கிரெயினா இல்லையான்னு தெரியும். விரலை எந்த நெட்வொர்க்கும் அனுப்பறதில்ல. அதனால மாதிரித் துண்டுகள் கூரியர்ல போறது நிக்கல.

பாடம் மட்டும் வரல

கடைசியா, மனசுல உறுத்தற ஒண்ணு. 2020ல பள்ளிக்கூடம் மூடினப்போ பாடம் போன் வழியா வரும்னாங்க. ஷூ கம்பெனிக்குப் போற வீடுகள்ல போன் ஒண்ணு, பிள்ளைங்க ரெண்டு மூணு. கம்பெனி திறந்ததும் போன் அப்பா அம்மாவோட போயிடும். ஒரு நாள் டேட்டா ரெண்டு வகுப்புக்கே சரியாப் போயிடும். ஜவ்வாது மலைக் கிராமங்கள்ல சிக்னலே கஷ்டம். அதே மலையில காவலூர் வானாய்வகத்துல 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986லேர்ந்து இருக்கு. பல ஒளியாண்டு தூரத்துப் படமெல்லாம் அந்த மலைக்கு வந்துச்சு, பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அஞ்சாம் வகுப்புப் பாடம் வரல.

அப்போ கைகொடுத்தது என்ன தெரியுமா? 2019 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச கல்வித் தொலைக்காட்சி. டிவி! எல்லாருக்கும் ஒரே தடவை. டேட்டா தீராது, வட்டம் சுத்தாது. புரியலைன்னா கையைத் தூக்கிக் கேள்வி கேக்க முடியாதுங்கறது உண்மைதான், ஆனா பாடம் வீட்டுக்குள்ள வந்துச்சு. கல்லூரிப் பசங்களுக்கு 2021 ஜனவரியிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜிபி அட்டை கொடுத்தாங்க, சுமார் 9.69 லட்சம் பேருக்கு. பள்ளிப் பிள்ளைங்களுக்கு அந்த அட்டை கிடையாது.

2023 உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்துல 5.9 கோடிப் பேர் ஹாட்ஸ்டார்ல பார்த்தாங்கன்னு பெருமையாச் சொல்றோம். பெருமைதான், மறுக்கல. ஆனா 5.9 கோடித் தனிப் பிரதி அனுப்பத் தெரிஞ்ச நாட்டுல, ஒரு மலைக் கிராமத்துக்கு ஒரு பிரதி அனுப்ப வழி தெரியலைன்னா அது தொழில்நுட்பப் பிரச்சனை இல்ல. யார் முதல்லன்னு முடிவு பண்ற பிரச்சனை. அந்தப் பெட்டிக்கடை அண்ணன் கிட்ட இது சரியா இருந்துச்சு. கையில என்ன போன் இருக்குன்னு பார்த்துட்டுத்தான் அதுக்கேத்த மாதிரி படத்தை வெட்டுவார்.

உங்க ஊர்ல முதல் முதல்ல போன்ல வீடியோ எப்படி வந்துச்சு? கார்டா, புளூடூத்தா, டவரா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. ஏத்துற கடை நடத்தினவங்க யாராவது படிச்சா கட்டாயம் எழுதுங்க, அது தனிப் பதிவாவே போட வேண்டிய விஷயம்.

டிஸ்கி: பிரியாணி எங்கன்னு கேட்டு யாரும் மெயில் அனுப்ப வேண்டாம். அதையும் வீடியோவுல அனுப்ப முடியாது :-)